உடைக்கும் முன் ஊடுருவிப் பார்த்தல்: போட்ஸ்வானாவின் கரோவே வைரச் சுரங்கம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றி

பாறைக்குள் கிடக்கும் கல்லைக் கதிர்வீச்சு கொண்டு கண்டுபிடிப்பது என்றதும் ஒரு அறையில் பாறையை வைத்துப் படம் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் அது நடக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 25 லட்சம் டன் பாறை ஓடும் ஒரு சுரங்கத்தில் அதே வேலையைச் செய்ய வேண்டும் என்றால் கேள்விகள் மாறிவிடுகின்றன. எந்த அளவுப் பாறையைப் பார்ப்பது, எந்த இடத்தில் பார்ப்பது, பார்த்த பிறகு அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவை முன்னுக்கு வருகின்றன. போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கம் 2012 முதல் 2024 வரை இந்தக் கேள்விகளை எப்படி எதிர்கொண்டது என்பதே இந்த ஆய்வு. சுரங்கம் வெளியிட்ட தகவல்களையும் அடிப்படை இயற்பியலையும் வைத்து எழுதப்பட்டது. முடிவெடுத்தவர்களைப் பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

## பின்னணி

போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டே அதன் நடுப்பகுதியில் ஒராபா கிம்பர்லைட் குழாய் கண்டறியப்பட்டது. கிம்பர்லைட் என்பது பூமியின் ஆழத்திலிருந்து வைரங்களைச் சுமந்துகொண்டு மேலே வந்து உறைந்த எரிமலைப் பாறை. ஒராபாவைச் சுற்றி இப்படிப் பல குழாய்கள் உள்ளன. அவற்றில் ஏகே6 எனப் பெயரிடப்பட்ட ஒன்றை 1969இல் டி பியர்ஸ் நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள். சிறியது, வைரமும் குறைவு என்ற எண்ணத்தில் அது பல ஆண்டுகள் சும்மா கிடந்தது.

2009 இறுதியில் கனடாவைச் சேர்ந்த லுகாரா நிறுவனம் அதன் ஏறக்குறைய 70 சதவீதப் பங்கை 4.9 கோடி டாலருக்கு வாங்கியது; அடுத்த ஆண்டு மீதியும் அதன் கைக்கு வந்தது. கரோவே என்ற பெயரில் 2012இல் உற்பத்தி தொடங்கியது.

குழாய் மேலே வடக்கு, நடு, தெற்கு என மூன்று பிரிவுகளாகத் தெரியும். பெரிய கற்கள் வந்ததெல்லாம் பெரும்பாலும் தெற்குப் பிரிவிலிருந்துதான். 100 டன் பாறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 15 காரட் வைரம். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால், 100 டன்னில் 3 கிராம். அந்த 3 கிராமும் சீராகப் பரவியிருப்பதில்லை. கரோவேயின் வருமானத்தில் பெரும்பங்கு எண்ணிக்கையில் மிகச் சொற்பமான பெரிய கற்களிலிருந்து வருகிறது. எனவே சராசரியை நம்பித் திட்டமிட முடியாத சுரங்கம் இது. சிறு கற்களில் கொஞ்சம் தவறினால் தாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு பெரிய கல் தவறிக் கழிவு மேட்டுக்குப் போனால் பல மாத வருமானம் அதோடு போய்விடும்.

## 2012 முதல் 2014 வரை: கவனத்துக்கு வந்தவை

தொடக்கத்தில் அமைக்கப்பட்டது வழக்கமான ஆலை. வெடி வைத்துப் பெயர்த்த பாறை முதலில் கிரஷரில் உடையும். பிறகு ஒரு பெரும் உருளைக்குள் போய்ச் சுழலும். அங்கே பாறையே பாறையை மோதி அரைக்கும். அரைபட்டதைச் சல்லடையிட்டு, ஃபெரோசிலிக்கான் தூள் கலந்த கனமான திரவத்தில் விடுவார்கள். வைரத்தின் அடர்த்தி 3.52. சாதாரணப் பாறைத் துண்டுகள் மிதக்கும், வைரமும் மற்றக் கனமான தாதுக்களும் அமிழும். அமிழ்ந்ததை எடுத்து எக்ஸ்-ரே பாய்ச்சினால் வைரம் ஒளிரும். ஒளிர்ந்ததைக் காற்றால் ஊதித் தனியே தள்ளுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது அடர்த்தி. குழாயின் மேற்பகுதிக் கிம்பர்லைட், நீர் புகுந்து மட்கி இளகியது. ஆழம் போகப்போக, குறிப்பாகத் தெற்குப் பிரிவில், பாறை மாறாமல் கெட்டியாக இருந்தது. அதில் ஆலிவின் போன்ற தாதுக்கள் சிதையாமல் இருந்ததால் பாறையே கனமாக இருந்தது. கன திரவத்தில் வைரத்தோடு சேர்ந்து பாறையும் அமிழத் தொடங்கியது. பிரித்தெடுப்பதற்காகப் போட்ட கட்டம் எதையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் அது இருந்தும் பயனில்லை.

இரண்டாவது ஒளிர்வு. வைரத்தில் நைட்ரஜன் கலந்திருக்கும் விதத்தைப் பொறுத்தே எக்ஸ்-ரேயில் அது எப்படி ஒளிரும் என்பது பெரிதும் அமைகிறது. நைட்ரஜன் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்த கற்களை டைப் 2ஏ என்பார்கள். இயற்கை வைரங்களில் இவை 1 முதல் 2 சதவீதம்தான். கோஹினூர் இந்த வகை. நம் பக்கத்துக் கோல்கொண்டா சுரங்கங்களிலிருந்து இப்படிப்பட்டவை நிறைய வந்ததால், நிறமற்ற நல்ல டைப் 2ஏ கல்லை வணிகர்கள் இன்றும் கோல்கொண்டா கல் என்கிறார்கள். கரோவேயின் பெரிய கற்களும் பெரும்பாலும் இந்த வகைதான். இவற்றின் ஒளிர்வு பலவீனமாகவும் கல்லுக்குக் கல் மாறுவதாகவும் இருக்கும். அதாவது, அதிக விலை போகக்கூடிய கல்லே கருவியின் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு அதிகம். கனமான அழுக்குப் படலம் கல்லை மூடியிருந்தாலும், கல் பாறைக்குள் புதைந்திருந்தாலும் ஒளிர்வு வெளியே வராது.

மூன்றாவது உடைவு. வைரம் கீறலுக்கு அசையாது, மோதலுக்கு அப்படியல்ல. அதன் படிக அமைப்பில் எளிதில் பிளக்கும் தளங்கள் நான்கு திசைகளில் உள்ளன. சரியான கோணத்தில் ஒரு மோதல் போதும். அரவை உருளையில் கைப்பிடி அளவுப் பாறைகள் இடைவிடாமல் ஒன்றையொன்று மோதுகின்றன. அதற்குள் ஒரு பெரிய வைரம் போனால் என்னவாகும் என்பதற்குத் தனியாகச் சோதனை தேவையில்லை.

மூன்றில் முதல் இரண்டும் பிரித்தறியும் முறையைப் பற்றியவை. மூன்றாவது, ஆலையின் வரிசையைப் பற்றியது. கரோவேயின் பொறியாளர்கள் முதல் இரண்டையும் 2015இல் தீர்த்தார்கள். மூன்றாவதை முழுதாக எடுத்துக்கொள்ள 2017 ஆயிற்று.

## எக்ஸ்-ரே ஊடுருவல் எதை அளக்கிறது

அவர்கள் தேர்ந்தெடுத்தது எக்ஸ்-ரே ஊடுருவல் முறை. தொழிலில் எக்ஸ்ஆர்டி என்பார்கள். ஜெர்மனியில் தயாராகும் டோம்ரா நிறுவனத்தின் கருவிகள் பொருத்தப்பட்டன. விமான நிலையத்தில் பெட்டிகளைப் பார்க்கும் கருவியும் இதே குடும்பம்தான்.

வைரம் ஒளிர்கிறதா என்று இந்தக் கருவி காத்திருப்பதில்லை. பாறைத் துண்டின் ஒரு பக்கமிருந்து எக்ஸ்-ரே பாயும். மறுபக்கம் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்கும். படலம் மூடியிருந்தாலும், நைட்ரஜன் இல்லாவிட்டாலும், கல் என்பது கரி, அதாவது கார்பன். கரியின் அணு எண் 6. கிம்பர்லைட்டில் உள்ளவை மக்னீசியம் 12, சிலிக்கான் 14, கால்சியம் 20, இரும்பு 26. குறைந்த ஆற்றலுள்ள எக்ஸ்-ரேயைக் கனமான அணுக்கள் மிக வேகமாக விழுங்கிவிடும். கரி அவ்வளவாக விழுங்காது.

வைரம் லேசான அணுவால் ஆனது, அதனால் படத்தில் வெளிச்சமாகத் தெரியும் என்று பலரும் இதோடு விளக்கத்தை நிறுத்திக்கொள்வார்கள். அது பாதிதான். வைரம் கிம்பர்லைட்டைவிட அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 1 சென்டிமீட்டர் தடிமனுக்குக் கணக்குப் போட்டால், 60 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வைரம் ஏறக்குறைய 54 சதவீத எக்ஸ்-ரேயைக் கடக்க விடும். சாதாரணக் கலவையுள்ள கிம்பர்லைட் 44 சதவீதம் விடும். வைரம் வெளிச்சம். 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குப் போனால் வைரம் 59, கிம்பர்லைட் 63. இப்போது வைரம்தான் சற்று இருட்டு! பாறையில் இரும்பும் கால்சியமும் எவ்வளவு என்பதைப் பொறுத்து எண்கள் ஏறி இறங்கும், ஆனால் போக்கு இதுதான்.

ஆக ஒரே ஒரு ஆற்றலில் எடுத்த படத்தை நம்பினால் ஏமாற்றம். மெல்லிய பாறைச் சில்லும் வெளிச்சமாகத் தெரியும், தடித்த வைரமும் இருட்டாகத் தெரியும். அதனால்தான் கருவி இரண்டு ஆற்றல்களில் ஒரே நேரத்தில் அளக்கிறது. இரண்டு அளவுகளின் விகிதத்தை எடுத்தால் தடிமன் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மிஞ்சுவது பொருள் எது என்பது. மேலே சொன்ன ஆற்றல்களில், விழுங்கும் திறனின் விகிதம் வைரத்துக்கு ஏறக்குறைய 1.2, கிம்பர்லைட்டுக்கு 1.8. இந்த இடைவெளியில்தான் முழு முறையும் நிற்கிறது.

நடைமுறையில் அது நடக்கும் விதம் இப்படி. சல்லடையில் ஒரே அளவாகப் பிரித்த துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் கன்வேயர் பெல்ட்டில் ஓடி வரும். ஒரு குறுகிய கோட்டில் எக்ஸ்-ரே மேலிருந்து பாயும். பெல்ட்டுக்கு அடியில் உணரிகள். ஒவ்வொரு துண்டும் அந்தக் கோட்டைக் கடக்கக் கடக்க, வரி வரியாக அதன் படம் கணினியில் சேரும். துண்டு பெல்ட்டின் முனைக்கு வந்து காற்றில் விழுவதற்குள் தீர்ப்பு முடிந்திருக்க வேண்டும். கரி என்று தீர்ப்பானால், அந்தத் துண்டு விழும் இடத்துக்கு நேரே இருக்கும் காற்றுக் குழாய் மட்டும் திறந்து மூடும். துண்டு தடுப்பைத் தாண்டி வேறு பக்கம் போய் விழும். மற்றவை நேரே கீழே. தவறாக எடுபடுவதும் உண்டு. மரத்துண்டும் நிலக்கரி போன்ற கரி மிகுந்த சில்லும் கருவிக்கு வைரம்போலத் தெரியலாம். அவற்றைப் பின்னர் கையால் ஒதுக்குவது எளிது. வைரத்தை விட்டுவிடும் பிழையோடு ஒப்பிட்டால் இது பிழையே அல்ல.

இரண்டு உபரி நன்மைகள் இருந்தன. தண்ணீரும் ஃபெரோசிலிக்கானும் தேவையில்லை. தண்ணீர் அரிதாகக் கிடைக்கும் கலகாரிப் பாலைவன ஓரத்தில் இது சிறு விஷயமல்ல. எடுபடும் பொருளின் அளவு மிகக் குறைவு என்பதால் பூட்டிய பெட்டிக்குள் நேரே விழவைக்கலாம். கைபடும் இடங்கள் குறைகின்றன.

## முதல் முடிவு: 2015

புதிய பெரிய கல் மீட்புப் பகுதி 2015இன் முதல் பாதியில் இயங்கத் தொடங்கியது. 8 மில்லிமீட்டருக்கு மேல் 60 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டுகள் மூன்று அளவுப் பிரிவுகளாக எக்ஸ்-ரே கருவிகளுக்குப் போயின. அதற்கும் சிறியவை பழைய வழியிலேயே தொடர்ந்தன.

60 மில்லிமீட்டர் என்ற மேல் எல்லைதான் இதில் துணிச்சலானது. அதுவரை கரோவேயில் கிடைத்த கற்கள் எதற்கும் அவ்வளவு பெரிய சல்லடை தேவைப்பட்டதில்லை. அத்தகைய கல் இருக்கும் என்பதற்கு நேரடிச் சான்றும் இல்லை. கிடைத்த கற்களின் அளவு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து, அந்தக் கோட்டை நீட்டினால் இன்னும் பெரியவை இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுத்தான் எல்லையை வைத்தார்கள். அதைப் பிடிக்க வழியே வைக்காத ஆலையில் அப்படியொரு கல் வந்தாலும் துண்டுகளாகத்தான் கணக்கில் ஏறும். பிறகு, பெரிய கல்லே இங்கு இல்லை என்பதற்கு அந்தக் கணக்கே சான்றாகிவிடும். வைரத் தொழில் பல இடங்களில் இந்தச் சுழலில் பல காலம் இருந்தது என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் மாற்றவில்லை. எக்ஸ்-ரே கருவிகள் அரவை உருளைக்குப் பிறகுதான் நின்றன. கிரஷர், உருளை இரண்டையும் பிழைத்து வந்த கல்லையே அவை பார்த்தன. இயங்கிக்கொண்டிருக்கும் ஆலையில் உருளைக்கு முன்னால் இடம் ஒதுக்கிக் கருவி வைப்பது பெரிய வேலை; முதல் கட்டத்தில் அடர்த்திச் சிக்கலைத் தீர்ப்பதே அவசரமாக இருந்தது. புரிந்துகொள்ளக்கூடிய வரிசைதான்.

## நவம்பர் 2015

சில மாதங்களிலேயே, 2015 நவம்பரில், தெற்குப் பிரிவின் பாறையிலிருந்து 1,109 காரட் எடையுள்ள டைப் 2ஏ கல் ஒன்றை எக்ஸ்-ரே கருவி ஊதித் தள்ளியது. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்துக்குப் பிறகு நகைத்தரத்தில் அவ்வளவு பெரிய கல் அதுவரை வந்ததில்லை. அடுத்தடுத்த நாட்களிலேயே 813 காரட்டும் 374 காரட்டும் வந்தன. பெரிய கல்லுக்குப் பின்னர் லெசெடி லா ரோனா என்றும், 813 காரட்டுக்குக் கான்ஸ்டலேஷன் என்றும் பெயரிட்டார்கள்.

பெரிய கல்லின் அளவுகள் 65, 56, 40 மில்லிமீட்டர். மேல் எல்லை 60 மில்லிமீட்டராக இருக்க, 65 மில்லிமீட்டர் கல் எப்படி உள்ளே வந்தது என்று கேட்கலாம். சல்லடைத் துளை ஒரு கல்லின் நீளத்தை அளப்பதில்லை. கல் எழுந்து நின்றால் நடு அளவுதான் துளையைச் சந்திக்கும். 56 என்பதால் நுழைந்தது. இன்னும் 4 மில்லிமீட்டர் பருத்திருந்தால் திருப்பி கிரஷருக்குள் போயிருக்கும். இந்த எண்ணைத்தான் இந்த ஆய்வின் மையமாக நான் பார்க்கிறேன். கண்டுபிடிப்பைக் கொண்டாடிய செய்திகளில் இது இடம்பெறவில்லை.

இன்னொன்று பின்னர் தெரிந்தது. அந்த 374 காரட் கல் தனிக்கல் அல்ல. 1,109 காரட் கல்லிலிருந்தே பிரிந்த துண்டு. வெடி, கிரஷர், அரவை உருளை மூன்றும் அதன் பாதையில் இருந்தன. இரண்டையும் கூட்டினால் 1,483 காரட். வேறு துண்டுகள் போயிருந்தால் இன்னும் அதிகம்.

விலையில் இதனால் எவ்வளவு நட்டம் என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல. 374 காரட் துண்டை 2017 மே மாதம் லண்டனின் கிராஃப் நிறுவனம் 1.75 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிய கல்லை அதே நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் 5.3 கோடிக்கு வாங்கியது. காரட் கணக்கில் இரண்டும் 47,000 டாலரை ஒட்டித்தான் வருகின்றன. உடைந்த பாகம் 374 காரட்டாக ஒரே துண்டில் நின்றதால் இந்தச் சமாதானம். அதே எடை 20, 30 துண்டுகளாகச் சிதறியிருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும்.

## இரண்டாம் முடிவு: உருளைக்கு முன்னால்

நிர்வாகத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. இருக்கும் ஏற்பாடு உலகச் செய்தியாகிவிட்டது, அப்படியே ஓட்டலாம். அல்லது 4 மில்லிமீட்டர் இடைவெளியையும் 374 காரட் துண்டையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்தார்கள்.

2017இல் புதிய பகுதி ஒன்று இயங்கத் தொடங்கியது. முதல் கிரஷருக்கும் அரவை உருளைக்கும் இடையில், ஏறக்குறைய 50 முதல் 120 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டுகள் எக்ஸ்-ரேக்கு அடியில் போகும்படி அமைத்தார்கள். வைரம் என்று தெரிந்தால் உருளையின் வாய்க்குப் போகும் முன்பே விலகிவிடும். கருவியின் இயற்பியலில் புதிதாக ஒன்றுமில்லை, இடம்தான் மாறியது. அதே ஆண்டு மறுபக்கத்திலும் 4 முதல் 8 மில்லிமீட்டர் துண்டுகளுக்கு எக்ஸ்-ரே விரிந்தது. கன திரவத்தின் பங்கு மேலும் சுருங்கியது.

பெரிய துண்டுகளைப் பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. 10 சென்டிமீட்டர் தடிமன் கிம்பர்லைட்டை 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ்-ரே கடந்து வரும் அளவு ஏறக்குறைய 1 சதவீதம். 60இல் அது பத்தாயிரத்தில் மூன்று பங்கு. அவ்வளவு மங்கிய சமிக்ஞையில், பாறைக்குள் ஆழப் புதைந்த 1 சென்டிமீட்டர் வைரம் விகிதத்தை அசைப்பது மிகக் கொஞ்சம். ஆகவே இந்தப் பகுதியால் கிடைப்பது, துண்டின் பெரும்பகுதியே வைரமாக இருக்கும் கற்கள். பாறைக்குள் ஒளிந்த சிறு கல்லை இது காட்டாது; அது உடைபட்ட பின் அடுத்தடுத்த கருவிகளில்தான் சிக்கும். அந்த வேலைப் பிரிவினையைத் தெரிந்தே செய்தார்கள். கட்டிப்பாறையில் பெரிய கல், அரைத்த பின் நடுத்தரம், கடைசியில் பொடி.

## தொடர்ந்து வந்தவை

2019 ஏப்ரலில் 1,758 காரட் கல் ஒன்று எக்ஸ்-ரே பிரிவில் முழுதாகக் கிடைத்தது. 83, 62, 46 மில்லிமீட்டர். செவெலோ எனப் பெயரிடப்பட்டது. ஆனால் கரிய படலம் போர்த்திய, தரத்தில் கலப்பான கல் அது. 2020இல் லூயி வியூட்டான் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்தோடு கூட்டு ஏற்பாட்டில் போனது. ஒளிர்வு முறையில் இத்தகைய கல் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

2021 ஜூனில் வந்தது 1,174 காரட். அதோடு ஒரே தோற்றமுள்ள 471, 218, 159 காரட் கற்களும் கிடைத்தன. எல்லாம் ஒரே கல்லின் பாகங்களாக இருக்கலாம், அந்தக் கல் 2,000 காரட்டுக்கும் மேல் இருந்திருக்கும் என்று சுரங்கமே மதிப்பிட்டது. உருளைக்கு முன் கருவி வைத்தும் இது நடந்திருக்கிறது. உருளைக்கும் முன்னால் கிரஷரும், அதற்கு முன்னால் வெடியும், அதற்கும் முன்னால் பூமிக்குள்ளேயே நேர்ந்த பிளவுகளும் இருக்கின்றன. எக்ஸ்-ரே எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்குப் பின்னுள்ள உடைவை மட்டும்தான் தடுக்கும்.

2024 ஆகஸ்டில் 2,492 காரட். ஏறக்குறைய அரைக் கிலோ. 2017இல் அமைத்த பகுதிதான் அதைப் பிடித்தது. அன்றைய குடியரசுத் தலைவர் கையில் ஏந்திய படம் உலகெங்கும் வந்தது. மொட்ஸ்வெடி என்று பின்னர் பெயர் சூட்டினார்கள். அடுத்த மாதமே 1,094 காரட் கல் ஒன்று.

60 மில்லிமீட்டர் மேல் எல்லையோடு, உருளைக்குப் பிறகு மட்டுமே பார்க்கும் 2015 ஏற்பாடு அப்படியே தொடர்ந்திருந்தால் 2024 கல் முழுதாக வெளிவந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

## கருவி சொல்லாதவை

கரியா இல்லையா என்பதற்கு மட்டுமே எக்ஸ்ஆர்டி பதில் சொல்கிறது. கல்லுக்குள் கீறல் உண்டா, நிறம் என்ன, நீரோட்டம் எப்படி, வெட்டினால் என்ன தேறும் என்பவை அதன் எல்லைக்கு வெளியே. செவெலோ இதற்கு ஒரு சான்று. எடையில் லெசெடி லா ரோனாவைவிட ஒன்றரை மடங்கு, தரத்தில் கீழே.

லெசெடி லா ரோனா வேறொரு பாடத்தைக் காட்டியது. வைரங்களின் உட்புறத்தை வரைபடமாக்கும் கருவிகள் அப்போது எதிலும் அவ்வளவு பெரிய கல் அடங்கவில்லை. உள்ளே என்ன என்று உறுதியாகத் தெரியாமலே 2016 ஜூனில் லண்டனில் பொது ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்ப்பு 7 கோடி டாலருக்கு மேல், கேட்பு 6.1 கோடியில் நின்றது, விற்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதைவிடச் சிறிய கான்ஸ்டலேஷன் 6.31 கோடிக்குப் போயிருந்தது. கண்டுபிடிக்கும் கருவிக்குச் செலவழித்தவர்கள், கண்டதை மதிப்பிடும் கருவியைப் பற்றி முன்கூட்டி யோசிக்கவில்லை என்று குறை சொல்லத் தோன்றும். ஆனால் அப்படியொரு கல் வருமுன் அந்தக் கருவியைச் செய்ய எவரும் காசு போட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் வாங்கிய கிராஃப்தான் தனியாக ஒரு ஸ்கேனரைச் செய்வித்து, 2019இல் 302.37 காரட் சதுர மரகதவெட்டுக் கல்லொன்றையும் 66 சிறு கற்களையும் எடுத்தது.

## மீண்டும் அமைப்பதானால்

வேறொரு சுரங்கம் இன்று இதைத் தொடங்கினால், கரோவே ஈராண்டு இடைவெளியில் செய்ததை ஒரே மூச்சில் செய்யலாம். உருளைக்கு முன்னால் பார்ப்பதையே முதல் கட்டமாக வைக்கலாம். மேல் எல்லையை இதுவரை கிடைத்த கல்லை வைத்து அல்லாமல், கிரஷர் வெளியே விடும் மிகப் பெரிய துண்டை வைத்து முடிவு செய்வது நல்லது. வெடி வைக்கும் முறையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்பதை 2021இன் நான்கு துண்டுகள் காட்டுகின்றன. வைரத்தைப்போன்றே எக்ஸ்-ரேயில் தெரியும் சோதனைத் துண்டுகளை ஓடும் பாறையோடு கலந்துவிட்டு, எத்தனை திரும்பி வருகின்றன என்று தவறாமல் எண்ணுவது எந்த ஆலைக்கும் பொருந்தும். ஆயிரம் காரட் கல் சில ஆண்டுகளுக்கு ஒன்று வரும் இடத்தில், கருவி பழுதானதை வைரம் வராததால் கண்டுபிடிக்க முடியாது.

பாறைக்குள்ளேயே மூடிக் கிடக்கும் சிறு கல்லைக் காண்பதற்கு வேறு இயற்பியல் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற மின்பெட் திட்டம் மருத்துவமனை பெட் (PET) ஸ்கேனின் கொள்கையைப் பாறைக்குக் கொண்டுவந்தது. உயர் ஆற்றல் காமா கதிரைப் பாய்ச்சினால் கரியின் ஒரு பகுதி கார்பன்-11 ஆக மாறும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நிமிடம். பாறையில் நிறைந்திருக்கும் ஆக்சிஜனும் இப்படி மாறும், ஆனால் அதன் அரை ஆயுள் 2 நிமிடம்தான். அரை மணி போல் காத்திருந்தால் ஆக்சிஜனின் இரைச்சல் அடங்கிவிடும். மிஞ்சிய கார்பன் வெளிவிடும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் இணைகள் கட்டிப்பாறையைத் தாண்டி வரக்கூடியவை. அவற்றைக் கொண்டு கல் பாறையின் எந்த மூலையில் என்று முப்பரிமாணத்தில் குறிக்கலாம். கிம்பர்லைட்டில் உள்ள சுண்ணாம்புத் தாதுக்களிலும் கரி உண்டு. அது மங்கலாகப் பரவித் தெரியும், வைரம் புள்ளியாகக் குவிந்து தெரியும். ஓடும் பெல்ட்டில் நொடியில் தீர்ப்பு சொல்லும் எக்ஸ்ஆர்டியோடு ஒப்பிட்டால், காக்கவைக்கும் கிடங்கு, துகள் முடுக்கி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு எனச் சுமை மிகுந்த வழி.

பிற மணிக்கற்களுக்கு இதை அப்படியே எடுத்துப் போக முடியுமா என்று இலங்கை வாசகர்கள் கேட்கக்கூடும். மரகதத்தில் பெரிலியம் போன்ற லேசான அணு உண்டு. இரும்பும் பொட்டாசியமும் மிகுந்த மைக்காப் பாறைக்குள் அது இருந்தால் விகிதம் வேறுபடும், முயன்று பார்க்கலாம். இரத்தினபுரியின் இல்லம் எனப்படும் சரளை அடுக்கிலிருந்து எடுக்கும் நீலக்கல்லோ அலுமினியமும் ஆக்சிஜனும். கூடவே குவிந்து கிடக்கும் படிகக்கல் சிலிக்கானும் ஆக்சிஜனும். அணு எண் 13க்கும் 14க்கும் இரட்டை ஆற்றல் விகிதம் பிரிந்து நிற்காது. நீலக்கல்லின் அடர்த்தி 4.0, படிகக்கல்லின் அடர்த்தி 2.65. கூடையில் இட்டுத் தண்ணீரில் சுழற்றிப் பிரிக்கும் பழைய முறை அந்த இடத்தில் சரியான இயற்பியலைத்தான் பயன்படுத்துகிறது. தவிர, நீண்ட நேரம் எக்ஸ்-ரே பட்டால் வெளிறிய நீலக்கல் சிலவற்றில் மஞ்சள் நிறம் ஏறும், வெளிச்சத்தில் வைத்தால் அது வெளுத்துவிடும். விற்குமுன் கல்லை ஸ்கேன் செய்பவர் அந்த நிறத்தை நம்பி விலை சொல்லாமல், சில நாள் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டே சொல்ல வேண்டும்.